பச்சை மூடி டப்பாவில் ஒட்டிய சீட்டு

ஆய்வுக்கூடத்தின் ஆண்டு மலருக்கு, ஓய்வுபெற்றுவிட்ட என்னை நான்கு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். "மிஸ், புதுசா வந்தவங்களுக்கு ஊக்கமா இருக்கணும், கொஞ்சம் ஜாலியா எழுதுங்க லா" என்று உங்களில் ஒருவர் குரல் பதிவு வேறு அனுப்பியிருந்தார். எழுதத்தான் உட்கார்ந்தேன். செல் வளர்க்கும் பெட்டியில் பூஞ்சை பிடித்து மூன்று மாத வேலை நாசமான கதை, ஆய்வுக்கு வந்த பழத்தைத் தின்றுவிட்டு நீல நாக்கோடு கூட்டத்தில் போய் நின்ற கதை என்று நாலைந்து சிரிப்புக் கதைகள் கைவசம் இருந்தன. போன செவ்வாய்க்கிழமை என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அதற்குப் பிறகு ஜாலியாக எழுத எனக்கு வரவில்லை.

படம் உங்களுடையது. நம் கூடத்தின் இணையப் பக்கத்தில் நீங்கள் போட்டது. கண்ணாடிக் கிண்ணத்தில் கெமுந்திங் என்கிற ஊதா நிறக் காட்டுப் பழங்கள், பக்கத்தில் இளஞ்சிவப்பு நாடா, மேலே கொட்டை எழுத்தில் தமிழில், 'மார்பகப் புற்றுநோயை அழிக்கும் நம்ம ஊர்ப் பழம்'. கீழே வெள்ளை அங்கி போட்டு நீங்கள் நால்வரும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். தோட்டத்து மக்களுக்கும் அறிவியல் போய்ச் சேரட்டும் என்கிற நல்ல எண்ணத்தில் செய்திருப்பீர்கள். நானும் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தேன். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. படித்து முடித்துவிட்டு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

நமக்குத் தெரிந்தது என்ன? பழத்தின் சாற்றைச் சுண்ட வைத்து, வடித்து, தட்டில் வளரும் புற்றுச் செல்களின் மேல் விட்டோம். செல்கள் வளர்வது குறைந்தது, பல செத்தன. அவ்வளவுதான். தட்டில் சோப்புத் தண்ணீரை ஊற்றினாலும் அந்தச் செல்கள் சாகும். நாம் விட்ட அளவு மனிதர் ரத்தத்தில் சேர வேண்டுமென்றால் எத்தனை கூடை பழம் தின்ன வேண்டும், தின்றாலும் வயிற்றைத் தாண்டி அது போய்ச் சேருமா, சேர்ந்தால் நல்லதா கெட்டதா, எதுவும் நமக்குத் தெரியாது. இது உங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே 'அழிக்கும்' என்று போட்டிருக்கிறீர்கள். பாக்கியம் அக்காவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. எங்கள் கூடத்தில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. இப்போது நான் சொல்கிறேன்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு, கெமுந்திங் திட்டம் தொடங்கிய நேரம். எங்களுக்கு நிறையப் பழம் தேவைப்பட்டது. கடையில் கிடைக்காது. பெஸ்தாரி ஜெயா பக்கம் ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டைகளைச் சுற்றி இருக்கிற மணல் காட்டில் அது தானாக வளரும், பறிக்க ஆள் வேண்டும். என் தகப்பனார் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். நான் பிறந்தது அங்கிருந்த தொழிலாளர் லயத்தில். "நம்ம ஆளுங்க பறிச்சுக் குடுப்பாங்க" என்று ஆய்வுக்கூடத் தலைவரிடம் பெருமையாகச் சொன்னது நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் போய்ப் பறிப்பார்கள். அவரவர் வீட்டு டப்பாவில் போட்டுக் கோயில் வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். வந்து சேரும் எந்தப் பாத்திரமானாலும் திட்டத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள சீட்டு ஒட்டியாக வேண்டும் என்பது எங்கள் கூடத்து விதி. ஈரம் பட்டாலும், ஸ்பிரிட் பட்டாலும் உரியாத சீட்டு. மலாயிலும் ஆங்கிலத்திலும் 'மார்பகப் புற்றுநோய் ஆய்வு' என்று அதில் இருக்கும்.

டப்பாக்களை ஆய்வுக்கூடத்தில் காலி செய்து அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் வீடுகளில் ஒருவர் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. குழம்பு வந்த கிண்ணத்தில் நாலு வாழைப்பழமாவது வைத்துக் கொடுப்போம். ஆய்வுக்கு ஆகாது என்று ஒதுக்கிய கனிந்த பழங்கள் கூடத்து வாசலோடு நின்றுவிடும். அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய், சர்க்கரை போட்டுக் காய்ச்சி, பாகாக்கி டப்பாக்களில் ஊற்றிக் கொடுத்தேன். தண்ணீரில் கலந்து குடித்தால் ருசியாக இருக்கும். சீட்டை உரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருடம் இந்த வேலையில் குப்பை கொட்டியவள், எழுதிய சீட்டோடு ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் வாங்குகிறவர் அதைப் படிப்பார் என்று கூட யோசிக்கவில்லை.

பாக்கியம் அக்காவின் டப்பாவுக்குப் பச்சை மூடி. தோட்டத்துக் கணக்கர், அதாவது கிராணி, வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, ஐம்பதைத் தாண்டிய வயது, ஒரே மகள் கவிதா ராவாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்தாள். எல்லோரையும் விட அதிகமாகப் பறிப்பவர் அவர்தான். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, இந்தப் பழம் நல்லதா?"

"நல்லதுதாங்க்கா. அதனாலதான ஆராய்ச்சியே பண்றோம்."

"பொம்பளைங்களுக்கு வர்ற அந்த வியாதிக்குத்தானே? கவிதா சீட்டப் படிச்சுச் சொல்லுச்சு."

"ஆமாக்கா, அதுக்குத்தான்."

ஒரு கையில் டப்பா இருந்தது. மறு கையால் தோளில் கிடந்த துண்டை இழுத்து மார்பை மூடிக்கொண்டார். வெயிலுக்கு என்று நினைத்தேன். உண்மையில் நான் எதையும் நினைக்கவில்லை, அடுத்த வாரம் பழம் குறையுமா என்பதுதான் என் கவலை. ஒரு பெண் தனியாக நின்று, குரலைத் தாழ்த்தி, ஒரு வியாதியைப் பற்றிக் கேட்கிறார் என்றால் யாருக்காகக் கேட்கிறார் என்று திருப்பிக் கேட்க வேண்டாமா? ஒரே ஒரு கேள்வி. "ஏங்க்கா கேக்கிறீங்க?" அதைக் கேட்காமல் சிரித்துவிட்டு காரில் ஏறினேன்.

அந்தப் பச்சை மூடி டப்பா ஐந்தாறு முறை போய் வந்தது. பழம் இல்லாத மாதங்களிலும் வந்தது. "கொஞ்சம் கெட்டியாக் காய்ச்சிக் குடு தங்கச்சி, தண்ணியா இருக்கு" என்பார். என் கைப்பக்குவம் அவருக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். குளிர்பதனப் பெட்டியில் எடுத்து வைத்திருந்த பழத்தைப் போட்டு அவருக்காகவே காய்ச்சினேன். எங்கள் தலைவர் இதையெல்லாம் 'சமூக ஈடுபாடு' என்று ஆண்டறிக்கையில் எழுதினார். நானும் அக்காவும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் அதில் வந்தது. அந்த அறிக்கை உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

எட்டு மாதம் கழித்து, ஒரு வேலை நாள் காலையில் கூடத்துத் தொலைபேசி அடித்தது. பேசியது ஒரு கிளினிக்கின் தாதி. என் பெயரைக் கேட்டதும் மலாயிலிருந்து தமிழுக்கு மாறினார்.

"மிஸ், இங்க ஒரு அம்மா வந்திருக்காங்க. மார்புல கட்டி, தோல் வெடிச்சிருச்சு. மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களான்னு கேட்டா ஒரு டப்பாவ எடுத்துக் காட்டுறாங்க. உங்க நம்பர் ஒட்டியிருக்கு. என்ன மருந்து குடுத்தீங்க?"

"மருந்து இல்லைங்க" என்றேன்.

"மருந்து இல்லன்னா சீட்டு ஏன் இருக்கு?"

பாக்கியம் அக்காவுக்குக் கட்டி தட்டுப்பட்டுப் பல மாதங்கள் ஆகியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுத்துவிடுவார்கள் என்கிற பயத்தில் மகளிடம் கூடச் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து லேப்பில் வேலை செய்கிற நம்ம ஊர்ப் பெண் ஒரு டப்பாவில் பாகு ஊற்றி, வியாதியின் பெயரை ஒட்டி, கையில் கொடுத்து, 'நல்லதுதான்' என்று வேறு சொல்கிறாள். அவர் என்ன செய்வார்? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? காலையும் மாலையும் குடித்திருக்கிறார். அவரை முட்டாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். படித்தவள் நான்தான் முட்டாள்.

தலைவரிடம் ஓடினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. நாம் யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை, பாகு காய்ச்சியது உன் சொந்த விஷயம், சீட்டு மட்டும்தான் நம்முடையது, அந்த டப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிடு, எதிலும் கையெழுத்துப் போடாதே என்றார். சொல்லிவிட்டுத் திரும்பவும் கணினியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கோலா சிலாங்கூர் சாலையில், குலை ஏற்றிய செம்பனை லோரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு மெதுவாகப் போனேன். வழியெல்லாம் எனக்குள் வாதாடினேன். நான் மருந்து என்று சொல்லவில்லையே. தனக்குத்தான் என்று அவர் சொல்லவில்லையே. குடிக்கச் சொன்னேனா, எத்தனை வேளை என்று சொன்னேனா? எல்லாப் பதில்களும் சரியாகத்தான் இருந்தன. நெருக்கடி வரும்போது உங்களுக்கும் இப்படிச் சரியான பதில்கள் வரிசையாக வரும். வேலை போய்விடுமோ என்ற பயம் சொல்லிக் கொடுக்கிற பதில்கள் அவை.

கிளினிக் அறைக்குள் நுழைந்தேன். கட்டிலில் பாக்கியம் அக்கா, பக்கத்தில் தொழிற்சாலைச் சட்டையோடு கவிதா. இதை எழுதவே எனக்குக் கூசுகிறது, ஆனால் எழுதுகிறேன். என் கண் முதலில் தேடியது அவர்களை இல்லை. டப்பாவைத் தேடியது.

அந்தத் தாதிக்கு என் வயதில் பாதி கூட இருக்காது. கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"டப்பாவயா தேடுறீங்க மிஸ்? அது மேசையில இருக்கு. ஆளு இங்க இருக்காங்க."

வேலையில் எனக்குப் பாடம் நடத்திய பெரியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் சொன்னதுகூட அந்த வார்த்தை அளவுக்கு என் மேல் விழுந்ததில்லை. அவர் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுக் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன்.

"தங்கச்சி, வந்துட்டியா" என்றார் அக்கா. "இவங்க திட்டுறாங்க. அது நல்ல பழம்னு நீயே சொல்லு."

"அக்கா, அது இந்த வியாதிக்கு வேலை செய்யுமான்னு எங்களுக்குத் தெரியாது."

"நீதானே நல்லதுன்ன?"

"சொன்னேன். தப்புக்கா. தெரியாமலே சொன்னேன்."

அவர் மேசையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப எட்டு மாசமா நான் குடிச்சது?"

"சக்கரைத் தண்ணிக்கா. பழம் போட்ட சக்கரைத் தண்ணி."

கவிதா எழுந்தாள். மேசையிலிருந்த டப்பாவை எடுத்தாள், மூலையிலிருந்த சிங்க்குக்குப் போனாள், மிச்சமிருந்த பாகை ஒரேயடியாகக் கவிழ்த்தாள். என் பக்கம் திரும்பி, "இன்னும் வேற யாருக்கெல்லாம் குடுத்தீங்க ஆன்ட்டி?" என்று கத்தினாள். சிங்க் முழுக்க ஊதா நிறம். அவள் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

"கொஞ்சம் வச்சிருக்கலாம்ல" என்றார், மெதுவாக.

தாதி சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு, டப்பாவைக் கழுவி அக்காவின் பையிலேயே போட்டார். நான் வெறுங்கையோடு திரும்பினேன். கூடத்துக்கு வந்து, யாரையும் கேட்காமல், நடந்ததை நடந்தபடி மூன்று பக்கம் எழுதி ஆய்வுநெறிக் குழுவுக்கு அனுப்பினேன். தலைவர் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஓய்வுக்கு முந்தைய கடைசி மூன்று வருடம் நான் ஸ்டோரில் பாட்டில் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்து, மிஸ்ஸுக்கு அது பிடித்த வேலை போல என்று நீங்கள் நினைத்திருக்கலாம். பிடித்த வேலை இல்லை.

அடுத்த ஞாயிறு அதே கோயில் வாசலில் பெண்களைக் கூட்டி வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர் எழுந்து, "அப்ப எதுக்குடி எங்கள அந்த மணல்ல காய வச்ச?" என்று கேட்டார். பதில் சொன்னேன்: "தெரிஞ்சுக்கத்தான். இன்னும் தெரியல. மார்புல கட்டி இருந்தா பழத்த நம்பாதீங்க, கிளினிக்குக்குப் போங்க." என்னைத் திட்டிக்கொண்டே கலைந்தார்கள். அந்த வாரம் இரண்டு பேர் கிளினிக்குக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். என் முப்பது வருடத்தில் பெண்களுக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று சில நாள் தோன்றும்.

பாக்கியம் அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் பேச்சே வேறு என்று மருத்துவர் கவிதாவிடம் சொல்லியிருக்கிறார். ஒன்றரை வருடம் இருந்தார். முடியும்போதெல்லாம் நான்தான் காரில் கூட்டிப்போய் வந்தேன். கவிதா முதலில் என் முகத்தைக் கூடப் பார்க்க மாட்டாள், பிறகு மெல்ல மெல்லப் பேசினாள். அக்கா மட்டும் முதல் நாளிலிருந்தே என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கடைசியாக நான் பார்க்கப்போன நாளில் அவர் தலையில் துணி கட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பச்சை மூடி டப்பா. கவிதாவை அனுப்பிப் பறித்து வரச் சொல்லியிருக்கிறார். நிறையக் கெமுந்திங். சீட்டு அப்படியே இருந்தது.

"வெறும் டப்பாவையா குடுக்க முடியும்? எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

"எனக்கு எதுக்குக்கா இது?"

"தெரியாதுன்னு சொன்னீல்ல? போய்த் தெரிஞ்சுக்க. நல்லாத் தெரிஞ்சுக்கிட்டு வந்து யாருக்கிட்டயாச்சும் சொல்லு. அதுக்கு முன்னாடி வாயத் தொறக்காத."

அந்தப் பழங்கள் ஆய்வுக்குள் போயின. அக்கா அடுத்த மாதம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தட்டுகள், எலிகள், கட்டுரைகள். நல்ல வேலைதான் நடந்திருக்கிறது, நீங்களும் நன்றாகச் செய்கிறீர்கள், செய்யாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஒரு பெண்ணின் உடம்பில் இந்தப் பழம் என்ன செய்யும் என்பது இன்றைக்கும் தெரியாது. அதைத்தான் நீங்கள் இளஞ்சிவப்பு நாடா கட்டி 'அழிக்கும்' என்று போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் படத்தை எனக்கு அனுப்பியது கவிதா. கூடவே ஒரு வரி எழுதியிருந்தாள். 'ஆன்ட்டி, அப்ப அன்னைக்கு நான் சிங்க்ல ஊத்துனது தப்பா?'

இல்லம்மா, நீ செய்ததுதான் சரி என்று உடனே பதில் போட்டேன். தொலைபேசியில் கூப்பிட்டும் சொன்னேன். அவள் அழுதுகொண்டே, "இது உங்க லேப்தானே போட்டிருக்கு ஆன்ட்டி? நாலு பேர் கோட் போட்டு நிக்கிறாங்களே" என்கிறாள். என் பேச்சை அவள் ஏன் நம்ப வேண்டும்? ஒருமுறை நம்பித்தானே அவள் அம்மா போனார்.

படத்தை இன்றைக்கே எடுங்கள். அதோடு விட மாட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நால்வரும் ராவாங்குக்குப் போகிறீர்கள். கவிதாவின் எதிரில் உட்கார்ந்து, வேலை செய்யுமா என்று தெரியாமலே போட்டுவிட்டோம், எங்களுக்கு இன்னும் தெரியாது என்று உங்கள் வாயால் சொல்லப் போகிறீர்கள். போகிற வழியில் என் வீட்டுக்கு வந்து அவள் அம்மாவின் டப்பாவை வாங்கிக்கொண்டு போய் அவளிடம் கொடுங்கள். அதில் என்ன வைத்துக் கொடுப்பது என்று இத்தனை வருடமாக எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் என்னிடமே இருக்கிறது. கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். சீட்டு மட்டும் இன்னும் போகவில்லை.